வாக்கர் வேண்டாம்னு நான் கனடாவைக் காட்டினேன்... அம்மா முழங்காலைக் காட்டினார்!

மகப்பேறு விடுப்பு முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. சட்டம் கொடுத்த 26 வாரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. மகனுக்கு ஐந்தரை மாதம். தடுப்பூசி போடப் போனதைத் தவிர, அவனும் நானும் காரமடையைத் தாண்டியதே இல்லை.

"சனிக்கிழமை கோயமுத்தூர்ல வீட்டுச் சாமான் எக்ஸிபிஷன். ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?" என்று கணவர் கேட்டதும், போட்டிருந்த நைட்டியோடு கிளம்பாத குறைதான். உடனே உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். கொசுவலை, ஈரம் உறிஞ்சும் விரிப்பு, மிக்ஸி ஜார், மூடி நன்றாக மூடும் டப்பா. கடைசியில் அம்மா ஒன்று சேர்த்தார். "பையனுக்கு ஒரு வாக்கர் எழுதிக்கோ கண்ணு."

எழுதிக்கொண்டேன். அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை.

காலை பாசஞ்சர் ரயிலில் கிளம்பினோம். முன்பெல்லாம் போனும் ஹெட்செட்டும் இருந்தால் எனக்குப் போதும். இப்போது டயப்பர் நான்கு, மாற்று உடை மூன்று, துவட்டும் துணி, ஃபிளாஸ்க்கில் வெந்நீர், கிலுகிலுப்பை என்று பை என்னைவிடப் பெரிதாக இருந்தது. பெரியநாயக்கன்பாளையம், துடியலூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மகன் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எக்ஸிபிஷன் என்றால் என் தலைமுறை கோவைப் பிள்ளைகளுக்கு வ.உ.சி. மைதானத்து அரசுப் பொருட்காட்சிதான் ஞாபகம் வரும். ராட்டினம், முகத்தைவிடப் பெரிய டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி. இது வேறு மாதிரி. உள்ளே நுழைந்ததும் சோபா, மெத்தை, சிம்னி, தண்ணீர் சுத்திகரிப்பான். ஒருவர் கேரட்டை நொடியில் நறுக்கிக் காட்டினார். இன்னொருவர் தரையில் சாஸைக் கொட்டி மாப்பால் துடைத்தார். 'பரிசுக் கூப்பன்' என்று யாரோ நீட்டியதில் கணவர் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அதன் பலனாக இன்றுவரை ரிசார்ட் மெம்பர்ஷிப் போன்கால் வந்துகொண்டிருக்கிறது. நீங்களும் எழுதிவிடாதீர்கள்!

அப்புறம்தான் குழந்தைப் பொருள்கள் ஸ்டால் வந்தது. வட்டமான பிளாஸ்டிக் சட்டம், அடியில் சக்கரங்கள், நடுவில் துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் பொத்தான்கள்.

"ஆறு மாசத்துலயே உக்கார வெக்கலாம்க்கா. சீக்கிரம் நடந்துருவான்" என்றார் விற்பனையாளர். 2,400 ரூபாய் சொன்னவர், அம்மா முகத்தைப் பார்த்தே 1,800-க்கு இறங்கினார். அம்மா பர்ஸைத் திறந்துவிட்டார்.

எனக்குள் இருந்த நிருபர் அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டாள். போனை எடுத்துத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளும் இந்த வாக்கரின் விற்பனையை, இறக்குமதியை, விளம்பரத்தைக்கூட 2004-ல் கனடா தடை செய்திருக்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை 15 மாதத்துக்கும் குறைவான 2,30,000-க்கும் அதிகமான குழந்தைகள் வாக்கர் விபத்துகளால் அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் படியில் உருண்டு தலையில் அடி. வாக்கரில் இருக்கும் குழந்தை ஒரே நொடியில் மூன்றடிக்கு மேல் நகர்ந்துவிடும். பக்கத்தில் நாம் நின்றாலும் எட்டிப் பிடிக்க முடியாது. நடையும் சீக்கிரம் வராது. நுனிக்காலால் உந்தித் தள்ளப் பழகுவதால் சில குழந்தைகளுக்குத் தாமதமே ஆகலாம்.

எல்லாம் உண்மை. ஆனால், நான் சொன்ன விதம்? ஸ்டாலில் நின்ற நான்கு பேருக்கும் கேட்கும்படி, அம்மாவுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். "இதுகூடத் தெரியாமயா வாங்கப் பாத்தீங்க?" என்று வேறு கேட்டுவிட்டேன்.

அம்மா எதுவும் பேசவில்லை. பர்ஸை மூடினார்.

சரியாக அந்த நேரத்தில் மகன் பசியில் வீறிட்டான். பாலூட்ட இடம் தேடி அலைந்தபோது, மெத்தை ஸ்டாலில் நின்ற பெண்தான் கூப்பிட்டார். "இங்க உக்காருங்கக்கா, நான் மறைச்சு நின்னுக்கறேன்." இரண்டு மெத்தைகளை நிறுத்திய சந்தில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சேலைக்கு மேலேயே முழங்காலைத் தேய்த்தபடி சொன்னார்.

"நீ சொல்றது செரி கண்ணு. நான் படிச்சவ இல்ல. ஆனா, திங்கக்கெழமை நீ ஆபீஸ் போயிருவ. அவன் தவழ ஆரம்பிச்சா ஆரு பின்னாடி ஓடறது? என்ற முழங்கால் உனக்கே தெரியும். அடுப்புல கொழம்பு இருக்கறப்போ, அவனை ஒரு பக்கமா உக்கார வெக்க ஏதாச்சும் வேணுமில்ல..."

எனக்குப் பேச்சே வரவில்லை. அம்மா கேட்டது பொம்மை அல்ல. பத்து நிமிடம் உட்கார ஒரு வழி. 58 வயதில், வலிக்கும் முழங்காலோடு, என் வேலைக்காக அவர் இன்னொரு முறை குழந்தை வளர்க்கப் போகிறார். 'அம்மா பார்த்துப்பாங்க' என்று ஆபீஸில் எத்தனை சுலபமாகச் சொல்லியிருந்தேன்! அம்மாவால் முடியுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இந்த விடுப்பைக் கொடுத்த 2017-ம் ஆண்டுத் திருத்தச் சட்டம்தான், 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. எங்கள் கோவை அலுவலகத்தில் மொத்தம் பதினோரு பேர். ஆக, எங்கள் காப்பகம் அம்மாவின் மடிதான்.

சந்துக்கு வெளியே பையோடு நின்ற கணவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பம்ப் கம்பெனியில் வேலை. "நான் ரெண்டாவது ஷிஃப்ட் கேட்டுப் பாக்கறேனுங்க அத்தை. மத்தியானம் வரைக்கும் நானே பாத்துக்கறேன்" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. ஆனால், எழுந்து நடந்தபோது அவருடைய தோளில் கையை ஊன்றிக்கொண்டார்.

அன்று வாங்கியது இரண்டே பொருள்கள்தான். அறை முழுக்க விரிக்கிற கனமான ஃபோம் விரிப்பு ஒன்று. அம்மா உட்கார்ந்தபடியே சமைக்க, உயரமான ஸ்டூல் ஒன்று. பட்டியலில் இருந்த டப்பாவை மறந்துவிட்டோம். டெல்லி அப்பளத்தை மட்டும் மறக்கவில்லை.

திரும்பும் ரயிலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போ கண்ணு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லா மகள்களுக்கும் தெரியும்.

வேலைக்குத் திரும்பி இன்றோடு மூன்று வாரம். கணவருக்கு ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. ஆனால், அவர் கிளம்பும் ஒரு மணியிலிருந்து நான் வந்துசேரும் ஆறரை வரை அம்மா தனியாகத்தான் சமாளிக்கிறார். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. இப்போதைக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நான் செய்யும் முதல் வேலை, "இன்னிக்கு முழங்கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பது.

நேற்று மதியம் அம்மா ஒரு போட்டோ அனுப்பினார். மகன் விரிப்பைத் தாண்டி உருண்டு, சிமென்ட் தரையில் குப்புறக் கிடந்து சிரிக்கிறான். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாசி மகத்துக்கு அரங்கநாதர் தேர் வரும்ல, அப்ப இவனுக்குப் பதினொரு மாசம் முடிஞ்சிருக்கும். தேர்க்கடையில மர நடைவண்டி வாங்கித் தரேன்னு அப்புச்சி சொல்லிட்டாரு. அது எந்திரிச்சு நின்னு, அவனே புடிச்சுத் தள்ளற வண்டி. அதுக்காச்சும் உங்க கனடாக்காரன் ஒத்துக்குவானா, கேட்டுச் சொல்லு!"