மாத்திரை கவர்ல 1-0-0

"மருந்து ஒத்துக்கலை." எங்க திருவண்ணாமலைப் பக்கம் என்ன நடந்தாலும் இந்த ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா ஒத்துக்காம போறது வேற, தப்பா குடுக்கறது வேற. சரியான மருந்தை சரியான அளவில் சாப்பிட்டும் வாந்தி வந்தால் அது பக்கவிளைவு. தடுத்திருக்கக்கூடிய தப்பு நடந்தால் அது மருந்துப்பிழை. யாருக்கும் ஒண்ணும் ஆகலைன்னாலும் பிழை பிழைதான்.

அமெரிக்காவில் என்.சி.சி. மெர்ப் என்ற அமைப்பு 1996-ல் இதை ஏ முதல் ஐ வரை 9 வகையாகப் பிரித்தது. தப்பு நடக்க வாய்ப்பு இருந்தாலே ஏ. நடந்தும் நோயாளியிடம் போகும் முன் பிடிபட்டால் பி. போய்ச் சேர்ந்தும் பாதிப்பில்லை என்றால் சி. பாதிப்பில்லை என்று உறுதி செய்ய கண்காணிக்க வேண்டியிருந்தால் டி. அப்படியே ஏறிக்கிட்டே போய், ஐ என்றால் மரணம்.

நம்ம நாட்டிலும் உதாரணம் இருக்கு. 1998-ல் கொல்கத்தாவில் அனுராதா சாகாவுக்கு தோல் பிரச்னை. உடம்பில் ரொம்ப நாள் தங்கும் டெப்போமெட்ரால் ஊசியை 80 மி.கி. வீதம் தினம் 2 வேளை எழுதினார்கள். அந்த வருஷமே இறந்துபோனார். கணவர் குணால் சாகாவும் டாக்டர்தான். விடாமல் வழக்கு நடத்தினார். 2013-ல் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

எங்க வீட்டுக் கதை டி வகை. அம்மாவுக்கு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடணும். அப்பா வாங்கப் போனது பௌர்ணமி அன்னிக்கு. கிரிவலக் கூட்டத்தில் மருந்துக்கடைப் பையன் கவர்மேல 1-0-0ன்னு எழுதிட்டான். அதாவது தினம் காலையில ஒண்ணு. மூணாவது நாள் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா பார்த்துட்டு, "ஐயோ, இது வாரத்துக்கு ஒண்ணும்மா!"ன்னு பதறிட்டாங்க. தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைஞ்சு உயிருக்கே ஆபத்தாம். மாத்திரையை நிறுத்தி, ரெண்டு வாரம் ரத்தப் பரிசோதனை. நல்லவேளை, ஒண்ணும் ஆகலை.

எனக்கு அந்தப் பையன் மேல செம கோபம். அம்மாதான், "அவனை மட்டும் திட்டி என்னடா? சீட்டுல இருந்தது எனக்கும் புரியலை, உங்கப்பாவுக்கும் புரியலை"ன்னாங்க. யோசிச்சா நியாயம்தான். மருந்துப் பெயரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-லேயே விதி போட்டாச்சு. எந்த நாள் சாப்பிடணும்னு தமிழ்ல ஒரு வரி எழுத யாரும் தடுக்கலையே?

இப்ப அட்டைமேல அம்மாவே கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்காங்க: "செவ்வாய் மட்டும்."

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. உங்க வீட்டு மாத்திரை கவரை இன்னிக்கே ஒருதடவை சீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க :)