துணி எடை

மாதத்தின் ஒன்றாம் தேதி என்றால் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு படபடப்பு. நூற்பாலைகள் அந்த மாதத்து நூல் விலையை அறிவிக்கிற நாள் அது. கிலோவுக்கு எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று தெரிந்த பிறகுதான் பலருக்குக் காலை டீ தொண்டைக்குள் இறங்கும். 2004-ல் 6 மிஷினோடு கம்பெனி ஆரம்பித்தேன். இன்று 24 ஓடுகிறது. பெரிய ஏற்றுமதி கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுப்பது பாதி. நானே நூல் வாங்கி, நிட்டிங், சாயம், தையல் என்று முழுதாக முடித்துக் கொடுக்கும் சின்ன ஆர்டர்கள் மீதி. இத்தனை வருஷத்தில் அந்தப் படபடப்பு மட்டும் குறையவே இல்லை.

நம் பஞ்சில் பெரும்பகுதி குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிறது. அங்கே மழை பொய்த்தால் சில மாதத்தில் அது என் கட்டிங் டேபிளுக்கு வந்து சேரும். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஜனவரியில் விலை பேசி வாங்கிய ஆர்டரை அந்த நூலில் ஓட்டினவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் வந்தவை ஒன்றா இரண்டா? பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., ஊரடங்கு, டாலர் ஏறுவதும் இறங்குவதும் என்று ஒவ்வொன்றும் வாசல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவை. எதுவும் என் கையில் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வெளியே போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது என்பதை எனக்குக் கற்றுக் கொடுத்தது 2011.

அந்த வருஷம் ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் நம்பியிருந்த விவசாயிகள் பல வருஷம் போராடிப் பெற்ற உத்தரவு அது. நியாயமான உத்தரவு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். சாயக்கழிவு கலந்த அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சியவர்களின் சொந்தக்காரன் நான்.

அப்போது என்னிடம் 12,000 பீஸ் ஆர்டர் இருந்தது. நிட்டிங் முடிந்த துணி சாயத்துக்குப் போகாமல் மாடிப்படிக்கு அடியில் ரோல் ரோலாகக் கிடந்தது. அலைந்து திரிந்து வெளிமாவட்டத்தில் ஒரு பட்டறையைப் பிடித்து, நான்கு லாட்டாகச் சாயம் போட்டு வாங்கினேன். ஒரே நீலம்தான், ஆனால் லாட்டுக்கு லாட்டு ஒரு நூலளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நான் ரோலில் சீட்டு ஒட்டவில்லை. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி வெட்டச் சொன்னேன். உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலுமாகத் தைத்து முடித்தாயிற்று. டியூப் லைட் வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. பையரின் ஆள் வந்து லைட் பாக்ஸில் விரித்தபோது உடம்பும் கையும் தனித்தனி நிறமாக நின்றன. 3,000 பீஸுக்கு மேல் கழித்துவிட்டார்.

என் நஷ்டத்துக்குக் கோர்ட் உத்தரவைக் காரணம் சொல்லிக்கொண்டு ஆறு மாதம் திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டு தெரு தள்ளி என்னைப் போலவே சின்ன கம்பெனி வைத்திருந்த ஓர் அக்கா அதே பட்டறையில், அதே வாரத்தில் சாயம் போட்டிருக்கிறார். ஒவ்வொரு ரோலிலும் லாட் நம்பர் எழுதித் தைத்து, ஒரு லாட்டை முழுதாக வெட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட்டிருக்கிறார். ஒரு பீஸ்கூடக் கழியவில்லை. உத்தரவு எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். என் கம்பெனி ஒழுங்கில் ஓட்டை இருந்தது. அதன் வழியாக நஷ்டம் உள்ளே வந்துவிட்டது.

அதன் பிறகுதான், வருகிற துணியின் எடையை ரோல் ரோலாக எழுதி வைக்கும் எடை நோட்டு போட ஆரம்பித்தேன். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். துணியை நெருக்கிச் சுருக்கும் காம்பாக்டிங் முடிந்து துணி வந்ததும் அவர் முதலில் கத்தரியைத் தொடமாட்டார். ரோலைப் பிரித்து உதறிப் போட்டு ஒரு ராத்திரி ஆறவிடுவார். இழுபட்டு வந்த துணி தன் அளவுக்குச் சுருங்கி அடங்க வேண்டும். காலையில் ரவுண்ட் கட்டரை வைத்து ஒரு அழுத்து, ஒரு திருகு. உள்ளங்கை அகல வட்டம், சரியாக 100 சதுர செ.மீ., கையோடு வரும். ரோலின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு ஓரத்தில் ஒன்று. தராசில் 1.80 கிராம் காட்டினால் துணி 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம்.

ஒரு நாள் 1.90 காட்டியது. "பத்து கிராம்தானே மாஸ்டர், கனமா இருந்தா பையருக்கு நல்லதுதானே" என்றேன்.

"பையருக்கு நல்லதுங்க. நமக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க" என்றார்.

போட்டுப் பார்த்தேன். 180-ல் ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி பிடிக்கிறது என்றால் 190-ல் 211 கிராம் பிடிக்கும். 10,000 பீஸுக்கு 110 கிலோ கூடுதல். கிலோ 450 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 50,000 ரூபாய். பீஸுக்கு 8 ரூபாய் லாபம் வைத்திருந்த ஆர்டர் அது. மொத்த லாபமே 80,000. நூல் விலை ஏறவில்லை, டாலர் இறங்கவில்லை, அரசாங்கம் வரி போடவில்லை. காம்பாக்டிங்கில் துணியைக் கொஞ்சம் அதிகமாக நெருக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நான் அதைக் கேட்காமல் விட்டிருந்தால் லாபத்தில் பாதிக்கு மேல் போயிருக்கும், போனதே தெரிந்திருக்காது. வருஷக் கடைசியில் 'இந்த வருஷம் மார்க்கெட் சரியில்லை' என்று சொல்லியிருப்பேன்.

ஆட்கள் விஷயமும் இப்படித்தான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் போனில் பரவின. என்னிடம் ஒடிசாப் பையன்கள் 7 பேர். மூட்டையைக் கட்டிவிட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த அறைக்குப் போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டு, ஒவ்வொருவர் அம்மாவிடமும் வீடியோ காலில் முகத்தைக் காட்டிப் பேசினேன். மொழி பாதிதான் புரிந்தது. 5 பேர் தங்கிவிட்டார்கள். அந்த ஒரு ராத்திரிப் பேச்சு அவர்களை நிறுத்தியது என்று நான் நம்பவில்லை. சனிக்கிழமைச் சம்பளம் ஒரு வாரமும் தவறாமல் கைக்குப் போயிருந்தது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆள் கூடப் போயிருந்தார். வதந்தி வந்த நாளில் அதுதான் பேசியது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் வரி 50 சதவீதம் ஆனது. எனக்கு வேலை கொடுக்கிற ஏற்றுமதிக்காரர் ஒருவர் அடுத்த வாரமே கூப்பிட்டு, வெட்டி முடித்த பீஸுக்கே தையல் கூலியைக் குறைக்கச் சொன்னார். பழைய நானாக இருந்தால் பயத்தில் சரி என்றிருப்பேன், அல்லது கோபத்தில் போனை வைத்திருப்பேன். எடை நோட்டையும், தையல் செலவை எழுதி வைக்கும் நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பப் பேசினேன். 'பீஸுக்கு 2 ரூபாய் குறைக்கலாம், மூன்றாவது ரூபாய் என் டெய்லர் சம்பளத்திலிருந்துதான் வரவேண்டும், அது முடியாது' என்றேன். 2 ரூபாய்க்கே ஒத்துக்கொண்டார்.

நஷ்டத்துக்கே தைத்துக் கொடுத்த நண்பர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓவர்லாக், பேட்லாக் என்று கை பழகிய டெய்லர் வேலை இல்லாமல் ஒரு முறை ஊருக்குப் போனால் திரும்பி வருவது சந்தேகம். அவரைத் தக்கவைக்க இரண்டு மாத நஷ்டத்தைத் தாங்கலாம். ஆனால் எத்தனை ரூபாய் நஷ்டம், எத்தனை மாதம் தாங்கும் என்று தெரிந்து தாங்குவது ஒன்று, தெரியாமல் தாங்குவது வேறு.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஷெட் வாடகைக்கும் மிஷினுக்கும் கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு ரவுண்ட் கட்டரும், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிற தராசும், ஒரு நீள நோட்டும் வாங்குங்கள். முதல் ரோல் துணி வந்த அன்றே எழுத ஆரம்பியுங்கள்.