வானமா, கருவியா?

பயப்பட ஒன்றுமில்லை என்று காட்டத்தான் ஜோனதன் ஷாங்க்ளின் அந்தக் கணக்கை எடுத்தார்.

1980களின் தொடக்கம். ஸ்ப்ரே டப்பாக்களில் அடைக்கும் வாயுவும் கன்கார்ட் விமானமும் ஓசோனை அழித்துவிடும் என்ற பேச்சு பரவியிருந்த நேரம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தில், கையால் எழுதிய பழைய அளவுகளைக் கணினியில் ஏற்றுவது அந்த இளைஞரின் வேலை. பொதுமக்கள் சுற்றிப் பார்க்க வரும் நாளில், இருபது வருஷத்துக்கு முன்பிருந்த ஓசோன்தான் இப்போதும் இருக்கிறது என்று ஒரு வரைபடத்தை மாட்ட நினைத்தார். வரைந்து பார்த்தால், அண்டார்டிகாவின் வசந்தகாலத்தில் கோடு கீழே இறங்கியிருந்தது!

யாரும் ஊரைக் கூட்டவில்லை. முதல் சந்தேகம் கருவியின் மேல்தான் விழுந்தது. ஹாலி பே நிலையத்தில் 1950களிலிருந்து ஓசோனை அளந்துவந்தது டாப்சன் கருவி. சூரியனின் புற ஊதாக் கதிரில் இரண்டு அலைநீளங்களை அது ஒப்பிடும். ஒன்றை ஓசோன் அதிகம் விழுங்கும். மற்றொன்றைக் குறைவாக விழுங்கும். அந்த வித்தியாசத்தை வைத்து, தலைக்கு மேல் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் கருவிக்கும் வயதாகுமே? அளவு மெல்ல மெல்ல நகர்ந்துவிட்டால், குறைந்தது ஓசோனா, கருவியின் திறனா என்று எப்படித் தெரியும்?

மூத்தவரான ஜோ ஃபார்மன் அவசரப்படவில்லை. காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை உதறிவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்போமே, அதுபோல இன்னொரு டாப்சன் கருவி ஹாலிக்குப் போனது. அதுவும் அதையே சொன்னது. வேறொரு பிரிட்டிஷ் நிலையத்தின் பதிவுகளிலும் சரிவு தெரிந்தது.

அமெரிக்கச் செயற்கைக்கோள் மட்டும் எதுவும் சொல்லவில்லையே என்ற உறுத்தல் இருந்தது. உண்மையில் அதுவும் பார்த்திருந்தது. அளவு நம்ப முடியாதபடி குறைவாக இருந்ததால், சந்தேகத்துக்குரியது என்று தனியே குறித்து வைக்கப்பட்டிருந்தது.

1985 மே மாதம் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அக்டோபர் மாத ஓசோன் சுமார் 300 டாப்சன் அலகிலிருந்து 200ஐ ஒட்டி இறங்கியிருந்தது. இரண்டே ஆண்டில், 1987இல், மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது.

அந்த ஓட்டை 2066 வாக்கில் ஆறிவிடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதைப் பார்க்கலாம்.