சோளகம் கட்டிய ஊர்

கற்பிட்டியைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் சொல்கின்றன. 2009இல் போர் ஓய்ந்தது. அதுவரை தூங்கிக் கிடந்த மீன்பிடிக் கிராமத்தை வெளிநாட்டார் கண்டுபிடித்தார்கள். மே முதல் ஒக்டோபர் வரை வீசும் காற்று கைட் சர்ஃபிங்குக்கு வாய்ப்பானது என்று தெரிந்ததும் கண்டக்குழியிலும் ஆலங்குடாவிலும் விடுதிகள் எழுந்தன. இதில் விடுதிகளைப் பற்றிய பகுதியில் எனக்கு ஐயமில்லை. 'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்தான் உறுத்துகிறது. ஓரிடம் கண்டுபிடிக்கப்பட்டது என்று எழுதிவிட்டால், அதற்கு முன்பு அது வெறுமையாக இருந்தது என்பதும் சொல்லாமலே ஏற்கப்பட்டுவிடுகிறது. அப்படி ஏற்பதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்கத்தான் இந்த ஊரின் தொடக்கத்தைத் தேடிப் போனேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். கற்பிட்டி என்பதன் பின்பாதிக்குத் தமிழும் உரிமை கோரலாம், சிங்களமும் கோரலாம். இலங்கைத் தமிழில் பிட்டி மேட்டு நிலம். சிங்களத்தில் பிட்டிய என்றால் திறந்த வெளி. அந்த வழக்கைவிட முன்பாதி எழுப்பும் கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. மணலே நிலமாக நீண்டு கிடக்கும் இந்தத் தீபகற்பத்தில் கல் எங்கிருந்து வந்தது? ஒல்லாந்தர் கோட்டையின் சுவர்கள் இதற்கு விடை தருகின்றன. அவை பவளக்கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் எழுப்பப்பட்டவை. கல்லைக் கடல் தந்தது. மணலையும் கடல்தான் தந்தது. சோளகம் என்று நம் மீனவர் சொல்லும் தென்மேல் பருவக்காற்று ஆண்டுதோறும் அலைகளைச் சாய்வாகக் கரையில் மோதவைத்து, தெற்கே ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. அந்த மணல் மேற்கே அணையாக நீண்டதால்தான் கிழக்கே புத்தளம் களப்பு ஒதுங்கி நின்றது. பயணிகள் தேடிவரும் காற்றும் அலையடங்கிய நீரும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். பள்ளிவாசல்துறை, ஆலங்குடா, உச்சமுனை என்ற அயற்பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள்: துறை, குடா, முனை. தோணியில் இருந்தபடி கரையைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் இவை.

அந்தத் தோணிகளின் தடம் எழுத்திலும் இருக்கிறது. 1344இல் மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குப் புறப்பட்டுத் திசை தப்பிய இப்னு பதூதா, பத்தாலா என்ற பட்டினத்தில் இறங்கினார். அது புத்தளம் என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த அக்கரையில் கறுவா மரங்கள் குன்றுகளாகக் குவிந்து கிடந்ததையும், மலபாரிலிருந்தும் மாபரிலிருந்தும் வந்தவர்கள் அரசனுக்குத் துணி முதலியவற்றைக் கொடுத்து அவற்றை ஏற்றிச் சென்றதையும் அவர் எழுதி வைத்தார். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்தார்கள். களப்பின் வாயைக் காத்து நின்றால் கண்டி அரசனின் கடல் வாணிபத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பதே கணக்கு. ஆளில்லாத மணல்மேட்டுக்கு எவரும் அப்படியொரு கோட்டை கட்டமாட்டார். 1807இல் இதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களைத் தொகுத்து 'சிலோன் கெசற்றியர்' வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான 'தமிழ் புளூராக்'கைத் தந்தார். தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதத் துணிந்த முன்னோடிகளுள் ஒருவரை ஈன்ற ஊரைத் தூங்கிய கிராமம் என்பது நீதியில்லை.

இதற்கு மறுப்பு வரும், வரவேண்டும். தரைவழிப் போக்குவரத்து வளர வளரத் துறைமுகம் தேய்ந்தது. போர்க்காலத்தில் வெளியார் வரவும் குறைந்தது. ஆக, பயணிகள் வந்தபோது ஊர் ஒடுங்கித்தான் இருந்தது என்பார்கள். ஒடுங்கியது உண்மை. ஒடுங்கியிருப்பது வேறு, வெறுமை வேறு. இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது: வணிகர் சரக்குக்கு வந்தார்கள், படையினர் ஆணைக்கு வந்தார்கள், சில நாள் தங்கி மனம் ஆறிப் போக வந்தவர் இன்றைய பயணிதானே? தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை நினைத்தால் இதுவும் நிற்பதில்லை. இதே தீபகற்பத்தில், சோளகம் உரத்து வீசும் ஆகஸ்டில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் குடும்பமாகத் தென்னிலங்கையிலிருந்தும் மேலைக்கரையிலிருந்தும் மக்கள் வந்து மரநிழலில் கூடாரமடித்துத் தங்கித் திருவிழாக் காண்கிறார்கள். கோடை விருந்தாளிகள் இந்தக் கரைக்குப் புதியவர்கள் அல்ல.

மூன்றாவது மறுப்பிலேயே நான் அதிகம் தயங்கி நின்றேன். எல்லோருமே வந்தவர்கள் என்றால் விடுதிக்காரரும் வந்தவர்தான். அவரை மட்டும் எப்படிக் கேள்வி கேட்பது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்க் கரையிலிருந்து வள்ளங்களில் வந்தவர்களைக் கற்பிட்டி ஏற்றுக்கொண்டது. ஓலைக் குடிசைகளில் தொடங்கிய அந்த வாழ்வு இன்று மூன்றாம் தலைமுறையைத் தொடுகிறது. வந்தவர் என்பதற்காக எவரையும் தள்ள இந்த ஊருக்கு மரபில்லை. கேள்வி வருகையைப் பற்றியதல்ல. வந்தவர் ஏற்கெனவே இருந்த முறையைக் கண்டாரா என்பதே. இங்கே கரைவலை வளைக்கும் ஒவ்வொரு கரைத்துண்டும் ஒரு பாடு. எவருடைய வலை எந்த முறையில் இறங்கும் என்பதற்கு ஒழுங்கு உண்டு. சோளகம் எழுந்து வெளிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த வலைகள் கரையேறிவிடும். மேலைக்கரை மீனவரில் ஒரு பகுதியினர் கிழக்குக் கரைக்குப் போய் வாடி என்னும் பருவக் குடிசை போடுவார்கள். பத்தலங்குண்டு போன்ற தீவுகளில் வாடிகள் நிறைவது காற்று மாறிய பிறகுதான். காற்றுக்காக வரும் பயணி வெறுங்கரையைக் காண்பது இதனால்தான். அவர் கண்டது பொய்யில்லை. ஆனால் அது ஆறு மாதத்து உண்மை.

14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டத்துக்கு மீனவர்கள் காட்டிய எதிர்ப்பை இந்த இடத்தில் வைத்தே நான் வாசிக்கிறேன். அது அந்நியர் மீதான வெறுப்பு அல்ல. பாட்டுக்கும் வாடிக்கும் வேலி கிடையாது. ஆளில்லாத மாதத்தில் பார்ப்பவருக்கு அது உரிமையாளரற்ற மணலாகத்தான் தெரியும். ஆகையால் அத்தீவுகளில் எங்கே எல்லைக்கல் நடுவது என்று முடிவு செய்பவர்கள், தை மாதத்தில் ஒருமுறை வந்து, வலை இழுபடும் நேரத்தில் அந்தக் கரையில் நிற்கட்டும்.