புன்னைக்காயல் வழியில் ஓர் ஆசிரியர் நினைவு

பனிமய அன்னையின் பேராலயத்தில் காலைத் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் சற்று நேரம் நின்றோம். பின்பு புன்னைக்காயல் நோக்கிப் புறப்பட்டோம். அன்று பிப்ரவரி 6. 1600-ஆம் ஆண்டில் இதே நாளில் புன்னைக்காயலில் இறையடி சேர்ந்த அண்டிரிக் அடிகளாரின் நினைவு நாள். வாசக அன்பர்களுக்கு அவர் தமிழ் அச்சுக்கலையின் தந்தை. நமக்கோ, ஐந்தாம் வகுப்பில் நம் சார் அறிமுகம் செய்து வைத்த ஒரு பழைய நண்பர். அந்தச் சாருக்கு நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. இத்தனை நாள் யாரிடமும் சொல்லாதது.

முத்தையாபுரம் கடந்து முள்ளக்காடு வரையில் சாலையின் இருமருங்கும் உப்பளங்கள். வெள்ளைக் குவியல்கள் மேல் ஓலை வேய்ந்து வைத்திருக்கிறார்கள். அடுத்துப் பழையகாயல். மார்க்கோ போலோ கண்டு வியந்த காயல் துறைமுகம் இதுவே என்பர். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண், கடலையே அப்பால் தள்ளிவிட்டது. இன்று அங்கே கப்பலும் இல்லை, கரையும் இல்லை. முக்காணியில் ஆற்றைக் கடந்து, வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த ஆத்தூரை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் வழி புன்னைக்காயலில் முடிகிறது.

இவ்வழியே நம்மை அழைத்துச் செல்வதாகச் சார் அப்போதே வாக்களித்திருந்தார். நாற்பது பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணம் கடைசிவரை சேரவில்லை.

அவர் கடற்கரையார் அல்லர். பனங்காட்டு ஊர் ஒன்றிலிருந்து நம் கடலோரப் பங்குப் பள்ளிக்கு வந்தவர். மெலிந்த உடல், நான்கு முழ வேட்டி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில். பிரம்பு இருந்தது, அது பெரும்பாலும் வரைபடத்தைச் சுட்டவே பயன்பட்டது. இளவயதில், 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த முத்துச் சலாபங்களை நேரில் கண்டவர். அதன் பிறகு இக்கரையில் அத்தகைய சலாபம் நடைபெறவில்லை. பின்னக் கணக்கை அவர் அதைக் கொண்டே கற்பித்தார். முற்காலத்தில் சிப்பிகளை மூன்று குவியலாகக் கூறு போட்டு, ஒன்றைக் குளியாட்களுக்கும் இரண்டை அரசுக்கும் ஒதுக்குவார்கள். “மூன்றில் ஒன்று நமக்கு. கூறு போடும் இடத்தில் கணக்குத் தெரிந்தவன் ஒருவன் நின்றால் அந்த ஒன்றாவது ஒழுங்காய் வந்து சேரும், இல்லாவிட்டால் இல்லை” என்பார். பின்னம் நமக்கு இன்றுவரை மறக்கவில்லை.

சம்பளம் தாமதப்படும் மாதங்களில் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் நாலாயிரம் பணம் போய்க்கொண்டிருந்தது. புனித சவேரியார் அதைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தவர்களுக்குக் கூலியாக்கினார். “அரசியின் செருப்பிலிருந்து வந்த பிழைப்பு, தம்பி, எங்கள் பிழைப்பு” என்று சார் சிரிப்பார்.

ஆயினும் அவருக்கு மிகவும் உவந்தவர் அண்டிரிக் அடிகளாரே. 1520-இல் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டவர். தொடக்கத்தில் துபாசி இல்லாமல் பேச இயலாத அவர், பின்னர் இரவு பகலாக உழைத்து நம் மொழியைக் கற்று இலக்கணமும் எழுதினார். உடனிருந்த குருக்கள் தமக்குள் தமிழிலேயே பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று விதித்தார். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று, பதினாறே பக்கங்கள். அச்சுக்குப் பொருள் தந்தோர் இக்கரை மக்கள். மீனவச் சிறுவர்கள் பாதிரியாரின் ழகரத்தைக் கேட்டு உருண்டு சிரித்ததாகவும், அவர் அவர்களையே தம் ஆசிரியராக்கிக் கொண்டதாகவும் சார் சொல்வார். கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்திருக்கிறார் என்று பிற்காலத்தில் குருமடத்தில் படித்தபோது புரிந்தது. ஆனால் அவர் சொன்னது ஒருவகையில் தம்மைப் பற்றியே என்பது புரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

ஒருநாள் வகுப்பைப் பார்வையிட வெளியூர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். நாம் எழுந்து, “கச்சான்” என்றோம். அவர் சிரித்துவிட்டார். வகுப்பும் சிரித்தது. அவர் போன பின்பு சார் கரும்பலகையில் ‘மேற்குக் காற்று’ என்று எழுதி, அதன் கீழே அதே அளவு எழுத்தில் ‘கச்சான்’ என்று எழுதினார். “இது எந்த மாதம் தொடங்கும்? எனக்குத் தெரியாது. உங்க அப்பாவிடம் கேட்டு வா” என்றார்.

மறுநாள் பள்ளி வாசலை ஒருநாளும் மிதித்திராத நம் தந்தையார், ஈரம் உலராத துண்டுடன் தாழ்வாரத்தில் வந்து நின்றார். வைகாசியில் தொடங்கி ஆடியில் முற்றும் என்று சொன்னதோடு, வாடை, கொண்டல், சோழகம் என்று மற்றக் காற்றுகளையும் சொன்னார். சார் தமது நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். படித்த ஒருவர் தந்தையாரின் சொல்லை எழுதிக்கொண்டதை நாம் கண்டது அதுவே முதல் முறை. அன்றிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவரும் நாளுக்கொரு கடற்சொல் கொண்டுவரலானோம்.

நாம் குருவாகி, சிறிய பங்கு ஒன்றில் பணியாற்றிய காலம். ஒரு மாலை சார் வந்து தாழ்வாரத்தில் காத்திருந்தார். ஒருகாலத்தில் “ஏலே” என்று அழைத்தவர், எழுந்து நின்று “சாமி” என்றார். அந்த நோட்டைக் கொடுத்து, “ஏறக்குறைய இருநூறு சொல் இருக்கிறது சாமி. மறைமாவட்ட இதழில் போட முடியுமா என்று பாருங்கள்” என்றார். திருவிழா நேரம். பார்க்கிறோம் என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பினோம். மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார். அடக்கத்துக்கும் நாம் போகவில்லை. தலத் திருப்பயணம் ஒன்று குறுக்கிட்டது. நோட்டு நம் தகரப் பெட்டியின் அடியில் பங்கு விட்டுப் பங்கு வந்துகொண்டிருந்தது.

2023 டிசம்பர் வெள்ளம் தாமிரபரணிக் கரையெங்கும் புகுந்த இரவில், ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பரண்மேல் ஏற்றினோம். தகரப் பெட்டி நினைவுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் திறந்தபோது நோட்டு ஒட்டிக் கூழாகியிருந்தது. பென்சில் எழுத்தன்று அது. பிள்ளைகளுக்குச் சம்பளப் பணத்தில் வாங்கித் தரும் நீல மையால் சார் படியெடுத்து வைத்திருந்தார். அண்டிரிக் அடிகளாரின் இலக்கணக் கையெழுத்துப்படி கடல் கடந்து லிஸ்பன் நூலகத்தில் நூற்றாண்டுகள் தாண்டிப் பிழைத்து, 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக வெளிவந்தது. நம் கைக்கு வந்ததை இருபது ஆண்டுகளுக்குமேல் வைத்திருந்து நாம் கரைத்துவிட்டோம்.

புன்னைக்காயலில் இராஜகன்னி மாதா ஆலயத்தில் சிறிது நேரம் செபித்துவிட்டு ஆற்று முகத்துக்கு நடந்தோம். அடிகளார் காலத்துக் கட்டடம் எதுவும் நம் கண்ணுக்குத் தென்படவில்லை. அவர் உடலையும் அன்றே தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டார்கள். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் முதியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அருகில் மணலில் அமர்ந்து, புதிதாக வாங்கி வந்த நோட்டைத் திறந்தோம்.

“சாமிக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றார்.

சாரைப் பற்றிச் சொன்னோம். அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “எழுதுங்க” என்றார். வலையின் ஒவ்வொரு பகுதியாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லி வந்தார். இரண்டு சொற்களை நாம் தவறாக உச்சரித்தபோது திருத்தவும் செய்தார். பகல் உணவு மணி அடிக்கும்வரை இருந்தோம்.

சாருடைய நோட்டில் இருந்தவற்றுள் இதுவரை நம் நினைவுக்கு வந்தவை நாற்பத்தொன்று. புன்னைக்காயலில் கிடைத்தவை பதினேழு. அவரிடம் நம்மோடு படித்தவர்கள் இவ்விதழைப் பார்க்க நேர்ந்தால், அந்நாளில் தாங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்த சொல் எது என்று ஒரு வரி எழுதி இதழ் அலுவலகத்துக்கு அனுப்பும்படி வேண்டுகிறோம்.