ஹெரால்டை ஓட்டிக்கொண்டே போனோம்

ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் நிற்கும் கார்களில் முக்கால்வாசி பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும். அவற்றுக்கு நடுவில்தான் அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டும் நிற்கிறது. 1969-ம் வருட மார்க் 3, நாலு கதவு. காலையில் சோக்கை இழுத்து, எஞ்சின் சூடேறும்வரை ஆக்ஸிலேட்டரில் கால் வைத்துக் காத்திருந்தால்தான் நகரும். இந்தக் காரை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் ரொம்ப நாளாக எனக்கு ஒரு முடிவு கிடைக்கவில்லை. ஒரு வார இறுதியில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு இதை ஓட்டிக்கொண்டு போனபோதுதான் கிடைத்தது.

பம்பாய்க்கு ஃபியட், கல்கத்தாவுக்கு அம்பாசடர் என்றால் மெட்ராஸுக்கு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டாக வந்த காரை 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி செய்தது. வண்டலூர் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையை அறுபது வயது தாண்டிய சென்னைக்காரர்கள் இன்னும் அடையாளம் சொல்வார்கள். வடிவம் இத்தாலிக்காரர் ஜோவானி மிக்கெலோட்டியுடையது. நாலு கதவு ஹெரால்டு மட்டும் இங்கிலாந்தில் கிடையாது, நம் ஊரில் மட்டும்தான். பானெட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டுகளும் அதோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். எஞ்சின் முழுக்க வெட்டவெளியில் நிற்கும். முன் டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.

ஹெரால்டின் குறை பின்பக்கத்தில் இருக்கிறது. குறுக்கே ஒற்றைப் பட்டை ஸ்ப்ரிங், இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஆக்ஸில். வளைவில் வேகமாகத் திரும்பிவிட்டு, பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இது தெரிந்துதான் முன் இருக்கைகளுக்கு பெல்ட் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தேன். நாலு பக்கமும் மினுக்கும் ஹசார்டு விளக்கு ஒன்றும் சேர்த்தேன். கழற்றிய எதையும் தூக்கிப் போடவில்லை, சீட்டு எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டு டிக்கியிலேயே வைத்திருக்கிறேன்.

ஆனால் பழைய கார் வட்டாரத்தில் பெரிய மரியாதை ஒரிஜினலுக்குத்தான். ஆலையை விட்டு வந்தபோது என்ன இருந்ததோ அதே திருகு, அதே ஒயர், அதே நிறம். அந்த மரியாதைமேல் எனக்கும் ஆசை இருந்தது. பரிசு வாங்க வேண்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன், மறைக்க மாட்டேன். போதாததற்கு 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதியும் மேசைமேல் கிடந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் தாண்டிய, அடிப்படையில் மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். கௌரவமான நம்பர்தான். ஆனால் அப்படிப் பதிவு செய்துகொண்டால் கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முடியாது. பெங்களூர் போய்வந்து விண்ணப்பிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

சனிக்கிழமை விடியுமுன்னே கிளம்பினோம். கச்சிபௌலியில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி ஷம்ஷாபாத்தில் இறங்கினோம். 158 கிலோமீட்டர் வளையத்தில் 2008-ல் முதலில் திறந்த துண்டு அதுதான். இடது ஓரம் பிடித்து அறுபத்தைந்தில் போனேன். பிறகு ஜட்சர்லா, கர்நூல், அனந்தபூர் என்று பெங்களூர் வரை ஒரே ரோடு, 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. வேகத்தைப் பார்த்து ஓட்டுவது ஒரு வேலை, சத்தத்தைக் கேட்டு ஓட்டுவது வேறு வேலை. கியர் பாக்ஸ் முனகல், பின்பட்டையின் கிறீச், டப்பெட் சத்தம் எல்லாவற்றுக்கும் காதில் இடம் ஒதுக்க வேண்டும். அம்மா அதைப் பேசிக்கொண்டே செய்தாள். துங்கபத்ரா பாலத்தைக் கடக்கும்போது, “டப்பெட் கொஞ்சம் பேசுது, ஆனா பயமில்ல” என்றாள். அம்மா ஒருநாளும் ஸ்டியரிங் பிடித்தவள் இல்லை.

குத்தியைத் தாண்டி அனந்தபூருக்கு முன்னால் வண்டி இழுக்காமல் திணறியது. பிப்ரவரிதான், ஆனாலும் ராயலசீமை மத்தியான வெயில். ஓரம் கட்டினேன். நான் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கை வைத்தேன். நான் மாட்டிய எலக்ட்ரானிக் சாமான்தான் போய்விட்டது என்று தோன்றியது.

“அத ஏண்டி நோண்டற? கரண்டு போனா பட்டுனு நிக்கும். இது மூச்சு வாங்கி நின்னுது. பெட்ரோல் வரல” என்றாள் அம்மா.

பானெட்டை முன்னால் சாய்த்தேன். பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கும். அதன் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் பாதிக்கும் கீழே, மேலெல்லாம் குமிழி. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துவிட்டது. அம்மா தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்து நீட்டினாள். “பம்ப்ல சுத்து. ஏற்காடு ஏறும்போது உங்கப்பா இதத்தான் செய்வாரு. நான் தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பேன்.”

துண்டைச் சுற்றினேன். ‘சுர்’ரென்றது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு, பம்ப்பின் பக்கத்தில் இருக்கும் சின்ன கை லீவரை அடிக்க ஆரம்பித்தேன். முதலில் வெறும் காற்று. பிறகு விரலுக்குக் கனம் தெரிந்தது, கிண்ணம் நிறைந்தது. செல்ஃப் போட்டதும் எடுத்துக்கொண்டது. அந்த லீவர் காரோடு வந்தது, அதுவரை என் கையால் அதை அடித்ததில்லை. பேஸ்மென்ட்டில் எத்தனை வருடம் பாலிஷ் போட்டிருந்தாலும் அதற்கு வேலை வந்திருக்காது.

பெங்களூர் புல்வெளியில் ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். ஜூரியில் ஒருவர் எங்கள் காரைப் பொறுமையாகப் பார்த்தார், மரியாதையாகப் பேசினார். பெல்ட்டையும் இக்னிஷனையும் குறித்துக்கொண்டார். கழற்றிவிட்டு வந்திருந்தால் மதிப்பெண் கூடியிருக்கும் என்றார். எங்கள் பிரிவில் பரிசு ஒரு ஃபியட் 1100-க்குப் போனது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த கார். பெயிண்டில் முகம் பார்க்கலாம், அத்தனை சுத்தமான வேலை. எனக்கு வலித்தது. உரிமையாளரிடம் போய்க் கை கொடுத்தேன். ஓட்டுவதற்குப் பயமாக இருக்கிறது, ஒரு கீறல் விழுந்தால் தாங்க மாட்டேன் என்றார். அந்தப் பயம் எனக்குப் பழக்கமானதுதான்.

ஹைதராபாத்தில் சௌமஹல்லா அரண்மனைக்குப் போனால் நிஜாமின் மஞ்சள் நிற ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டைப் பார்க்கலாம். 1912-ம் வருடத்து வண்டி, உள்ளே சிம்மாசனம்போல இருக்கை. அது காட்சியில் நிற்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, ஊர்வலத்துக்காகவே செய்தது. ஹெரால்டு அப்படிச் செய்த கார் இல்லை. மாதச் சம்பளக்காரர்கள் சேர்த்து வைத்து வாங்கி, நாலு பேரையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக் குலதெய்வம் கோயிலுக்குப் போன கார். நின்றால் இதற்குக் கேடு. பிரேக்கின் வீல் சிலிண்டர் இறுகும், சீல் காய்ந்து வெடிக்கும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் தின்னும்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பி வந்தபின் நிதானமாகப் படித்தேன். பழைய வண்டியை ஓட்டுவதும் அதைக் காப்பதில் சேர்த்தி என்பது அதன் போக்கு. பாதுகாப்புக்காக மாற்றினால் கண்ணை உறுத்தாமல் மாற்று, திரும்ப எடுக்கும்படி மாற்று, எடுத்த பாகத்தை வண்டியோடு வைத்திரு என்கிறது. என் தகர டப்பாவுக்கு இது போதும். சேஸிஸையும் எஞ்சினையும் உடம்பையும் தொட மாட்டேன், அதில் ஒரிஜினல்காரர்களோடு நானும் சேர்ந்து நிற்பேன். உள்ளே இருப்பவர் உயிரோடு வீடு திரும்பத் தேவையானதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விஏ நம்பருக்கு விண்ணப்பிக்கவில்லை. சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். அம்மா சொல்லி பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே கொஞ்சம் தடிமனான கேஸ்கெட் வைத்தாயிற்று, பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாயிற்று. பின் ஆக்ஸில் புஷ்தான் பாக்கி. செகந்திராபாத் ராணிகஞ்சில் தேடினேன், இல்லை. சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடைக்காரர் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டார், வேண்டாம், வண்டியிலேயே வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.