வால் பிடிக்கும் வேலை

பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகக் கிளம்பிய சரஸ்வதி அன்று மாலை நவராத்திரி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். பூஜை வைக்க இன்னும் எட்டு நாள். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் அக்ரகார வீடுகளில் புத்தகங்களும் வாத்தியங்களும் தூசு தட்டப்பட்டுக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் மட்டும் வழக்கமில்லாத ஒரு வேலை பாக்கி இருந்தது: கிதாருக்கு வால் மாற்றுவது.

அந்தக் கிதார் அவனுக்குச் சித்தப்பா கொடுத்தது. 1970களில் ஜப்பானில் தயாரான எலெக்ட்ரிக் கிதார். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் கானமேளாக்களில் சித்தப்பா அதை இருபது வருஷம் வாசித்தார். பிறகு பக்கவாதம் வந்தது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, இடது கை விரல்கள் மட்டும் திரும்பவில்லை. ஒருநாள் கிதாரை உறையோடு எடுத்து அவன் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

சம்பவம் ஒரு ராத்திரி நடந்தது. 'டங்' என்று ஒரு சத்தம்; ஆறு தந்திகளும் ஒரே நேரத்தில் தளர்ந்து தொங்கின. தந்திகளின் வால்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் டெயில்பீஸின் கீல் அறுந்துவிட்டது. யாரும் கவனிக்காத பாகம் அது. ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை 40 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு சிறிய கீல் இத்தனை வருஷமும் ராப்பகலாக அதைத் தாங்கியிருக்கிறது.

மாற்றுவதற்கு இரண்டு வழிகள். பழையபடியே, கிதாரின் அடி விளிம்பில் திருகி, மேல்பலகையைத் தொடாமல் நீண்டு நிற்கும் ஊஞ்சல் போன்ற டெயில்பீஸை மாட்டலாம். அல்லது மேல்பலகையிலேயே இரண்டு ஓட்டைகள் போட்டு, இரண்டு தடித்த திருகாணிகளை இறக்கி, குறுக்குக் கட்டை ஒன்றை நிறுத்தலாம். இரண்டாவது முறைக்கு உள்ளே கெட்டியான மரம் வேண்டும். பாதி உள்ளீடற்ற இந்த ரகக் கிதார்களில் அது உண்டு. இரு பக்கமும் கூடு. நடுவில் முழுநீளத்துக்கு ஒரு மரக்கட்டை. அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1958இல் கொண்டுவந்த இஎஸ்-335 தான் இதற்கெல்லாம் மூத்தது. முதலில் அது குறுக்குக் கட்டையோடு வந்தது. 1965 வாக்கில் கம்பெனி ஊஞ்சலுக்கு மாறியது. ஓசை நீண்டு நிற்பது குறுக்குக் கட்டையில்தான் என்று நம்பிய பலர், ஊஞ்சலைக் கழற்றி எறிந்து ஓட்டை போட்டுக்கொண்டார்கள். பிக்ஸ்பி என்ற ஆட்டும் டெயில்பீஸ் கேட்ட வாடிக்கையாளர்களுக்கு, ஏற்கெனவே போட்டிருந்த ஓட்டைகளை மறைக்க 'கஸ்டம் மேட்' என்று பொறித்த தகட்டைக் கம்பெனியே ஒட்டிக் கொடுத்ததும் உண்டு. போட்ட ஓட்டையை மறைக்கலாம், இல்லாமல் செய்ய முடியாது.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "ஓட்டை போட்டுடலாம். அரை மணி வேலை" என்றார். அவனுக்கும் ஆசைதான். வீட்டுக்கு வந்து சொன்னபோது சித்தப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உன் கிதார். நீ பார்த்துக்கோ."

அந்த 'உன்' அவனை அன்று தூங்க விடவில்லை.

மறுநாள் அம்மா கூடத்தில் வீணையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி குடத்தின் அடிப்பக்கம் போனபோதுதான் அவன் கவனித்தான். ஏழு தந்திகளும் குதிரையைத் தாண்டிப் போய், லங்கர் என்ற சிறு கம்பிகளில் முடிந்து, குடத்தின் விளிம்பில் இருக்கும் நாகபாசத்தில் மாட்டியிருந்தன. இழுவை முழுவதும் விளிம்புக்குப் போகிறது. குதிரை மேல்பலகையில் சும்மா அழுத்தி நிற்கிறது.

"இது எத்தனை தடவை மாத்தினதும்மா?"

"நாகபாசமா? ஒரு தடவை. வீணைக்கு ஒண்ணும் ஆகலையே."

வயலினும் அப்படித்தான். அதன் டெயில்பீஸ் அடி விளிம்பில் உள்ள ஒரு குமிழில் கண்ணியாக மாட்டித் தொங்குகிறது. 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தால் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். மேல்நாட்டு வாத்தியம் திருவிதாங்கூர் அரண்மனையில் ஏறிய காலம் அது. அந்த மகாராஜா கட்டிய குதிரை மாளிகை இந்தத் தெருக்களின் பக்கத்தில்தான் நிற்கிறது. மேல்பலகையைத் துளைக்காமல் தந்தியைக் கட்டும் வித்தை கோட்டைக்குள் புதிதல்ல.

அவன் ஊஞ்சல் டெயில்பீஸையே தபாலில் வரவழைத்தான். வேலையை வீட்டிலேயே செய்தான். பழைய திருகு ஓட்டைகள் தேய்ந்திருந்ததால், மரப்பசை தோய்த்த குச்சிச் சீவல்களைத் திணித்து ஒரு ராத்திரி காயவிட்டான். சாலைக் கடைத்தெருவில் அளவுக்கேற்ற திருகாணிகள் கிடைத்தன. முதலில் இரண்டு ஓரத் தந்திகளை மட்டும் கட்டி, அவை கழுத்தின் இரு விளிம்பிலிருந்தும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே திருகுகளை இறுக்கினான். குதிரைக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் தந்திகள் தாமாகவே கிணுகிணுத்தன. ஒரு கம்பளித் துண்டை அவற்றின் நடுவே நுழைத்ததும் அடங்கின.

ஆம்ப்ளிஃபயரில் சொருகினான். 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். தந்தியைத் தொட்டான், குறையவில்லை. ஒயர் சொருகும் இடத்தின் உலோக வளையத்தைத் தொட்டான், நின்றது. கையை எடுத்தான், மறுபடி 'ம்ம்ம்'.

உள் அறையிலிருந்து குரல் வந்தது.

"எர்த் கம்பியை மறந்துட்டே. அடியில ஒரு சின்ன கம்பி நீட்டிண்டு இருக்கும் பாரு. அது டெயில்பீஸ்ல படணும்."

படவில்லைதான். பசை பூசும்போது கம்பி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. தகட்டைக் கழற்றி, கம்பியை இழுத்து, நுனியைச் சுரண்டி, தகட்டின் அடியில் மடித்து வைத்துத் திருகினான். இரைச்சல் போயிற்று. அறை வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். மேல்பலகையை வலது உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். எதுவும் சொல்லவில்லை.

பூஜையில் கிதார் வீணைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தது. விஜயதசமி காலையில் அம்மா முதலில் வீணையை எடுத்தாள். அவன் கிதாரை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினான். அவர் மடியில் வைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டினார். திறந்த தந்திகளுக்கு இடது கை வேண்டாம்.

"புதுத் தந்தியோன்னோ, ஆறாவது இறங்கியிருக்கு" என்றார். "கொஞ்சம் ஏத்துடா."

அவன் பிரடையைத் திருகினான். அவர் மீட்டிக்கொண்டே இருந்தார்.